சிவப்புக் கோடு விழாத தப்பு



ப்ரோக்ராம் எழுதுற எல்லாருக்கும் இது பழகின விஷயம். விஎஸ் கோட்ல பைத்தான் எழுதும்போது ஒரு அடைப்புக்குறியை மூடாம விட்டா உடனே கீழே ஒரு நெளிகோடு விழும். ஒரு ஃபங்ஷன் பேர் மேல மவுஸை வச்சா, அது என்ன கேட்கும், என்ன தரும்னு ஒரு சின்னப் பெட்டி திறந்து சொல்லும். முதல் வருஷத்துலேயே இதுக்குப் பழகிட்டோம். யாரோ பக்கத்துல உட்கார்ந்து தப்பைச் சொல்லிக்கிட்டே இருக்கிற மாதிரி ஒரு தைரியம்.

இப்போ உங்க ஹாஸ்டல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற சிவில், மெக்கானிக்கல், கெமிக்கல் நண்பர் யாரோட லேப்டாப்பையாவது எட்டிப் பாருங்க. நோட்பேட்ல கருப்பு வெள்ளையில முந்நூறு, நானூறு வரி இருக்கும். பாதிக்கு மேல வெறும் எண்கள். அதுவும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற கட்டளைதான். மழை எவ்வளவு, குழாய் எவ்வளவு அகலம், வெப்பம் எவ்வளவு, எத்தனை விநாடிக்குக் கணக்குப் போடணும்னு ஒரு பெரிய சிமுலேஷன் மென்பொருளுக்கு எழுதிக் கொடுக்கிற ஃபைல். இதைத்தான் இன்புட் ஃபைல்னு சொல்றாங்க. இதுக்கு நிறமும் கிடையாது, நெளிகோடும் கிடையாது. பக்கத்துல யாருமே இல்ல.

அந்த மாதிரி ஒரு ஃபைலுக்கு விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷன் ஒண்ணு எழுதினேன். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஃபைல் என் சிவில் நண்பனோடது. ஓடை எங்க ஊர்ப்பக்கம் ஓடுறது. மூணும் எப்படிச் சேர்ந்துச்சுன்னு சொல்றேன்.

ஓடையும் ஃபைலும்

புளியஞ்சோலைக்கு நம்ம காலேஜ்ல பாதிப் பேர் ஒரு தடவையாவது பைக்ல போயிருப்பீங்க. துறையூர், உப்பிலியபுரம் தாண்டி கொல்லிமலை அடிவாரத்துல ரோடு முடியிற இடம். மலை மேல ஆகாய கங்கை அருவியா விழுற அய்யாறு, பாறை பாறையா இறங்கி புளியஞ்சோலையில கீழே வருது. நாம அங்க குளிக்கிறோம், செல்ஃபி எடுக்கிறோம், கட்டுசோறு சாப்பிட்டுத் திரும்புறோம்.

அந்த ஓடைக்கு ஒரு குணம் உண்டு. கீழே வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே மேல மலையில மழை கொட்டியிருக்கும். அந்தத் தண்ணி கொஞ்ச நேரம் கழிச்சு வந்து சேரும். மழைக்காலத்துல வனத்துறை குளிக்கத் தடை போடுறது இதனாலதான். என் சிவில் நண்பன் மினி ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கிட்ட கேள்வியும் இதுதான்: மேல இவ்வளவு மழை பெய்தா, கீழே குளிக்கிற இடத்துல எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணி வரும்?

அவன் எடுத்த மென்பொருள் ஸ்வம். ஸ்டார்ம் வாட்டர் மேனேஜ்மென்ட் மாடல் என்பதோட சுருக்கம். அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏவுக்காக 1971ல உருவானது. நகரத்து மழைநீர் வடிகாலுக்குன்னு எழுதினது. ஆனாலும் மழை, நிலத்தோட சரிவு, ஓடை என எல்லாத்துக்கும் கணக்கு அதுல இருக்கிறதால சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் பயன்படுத்தலாம். இப்போ இருக்கிற ஐந்தாம் பதிப்பு சி மொழியில எழுதினது. இலவசம், சோர்ஸும் திறந்திருக்கு.

விண்டோஸ்ல இதுக்கு அழகான திரை உண்டு. படம் வரைஞ்சு, கிளிக் பண்ணி எண்களை நிரப்பலாம். அப்புறம் ஏன் டெக்ஸ்ட் ஃபைல்? ஏன்னா அவனுக்கு ஒரு மழை இல்ல, அறுபது மழை வேணும். லேசான மழை, பலமான மழை, அரை மணி நேர மழை, ஆறு மணி நேர மழை. அறுபது தடவை கிளிக் பண்ண முடியாது. டெக்ஸ்ட் ஃபைலா இருந்தா எண்ணை மட்டும் மாத்தி ஒரு ஸ்கிரிப்ட் போட்டு ராத்திரி ஓட விட்டுடலாம். எங்க லேப்ல இருக்கிற லினக்ஸ் மெஷின்லேயும் ஓடும்.

ஃபைலுக்குள்ள என்ன இருக்கு

ஃபைல் பகுதி பகுதியா இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் சதுர அடைப்புக்குள்ள தலைப்பு. ஆப்ஷன்ஸ், ரெயின்கேஜஸ், சப்கேட்ச்மென்ட்ஸ், ஜங்ஷன்ஸ், காண்டுயிட்ஸ், கிராஸ்செக்ஷன்ஸ் என்று வரிசையாப் போகும். அரைப்புள்ளியில ஆரம்பிக்கிற வரி குறிப்பு.

நீர்ப்பிடிப்புப் பகுதிக்கான ஒரு வரியை எடுத்துக்குங்க. முதல்ல அந்தப் பகுதியோட பேர். அப்புறம் எந்த மழைமானி, தண்ணி எங்கே போய்ச் சேரும், பரப்பு, தண்ணி இறங்காத நிலம் எத்தனை சதவீதம், அகலம், சரிவு எத்தனை சதவீதம். எந்த எண் எதைக் குறிக்குதுன்னு வரியில எழுதியிருக்காது. வரிசைதான் அர்த்தம். ஆறாவது இடத்துல இருந்தா அகலம், ஏழாவது இடத்துல இருந்தா சரிவு.

இப்போ அகலம் 800 மீட்டர், சரிவு 12 சதவீதம்னு வச்சுக்குங்க. ரெண்டும் இடம் மாறிப்போனா? அகலம் 12 மீட்டர், சரிவு 800 சதவீதம். அப்படி ஒரு மலை கொல்லிமலையில இல்ல. ஆனா மென்பொருளுக்கு ரெண்டும் எண்தான். நெகட்டிவ்வா இல்லாத வரைக்கும் வாங்கிக்கும், கணக்குப் போடும், ரிப்போர்ட் கொடுக்கும்.

ஸ்வம் தப்பே கண்டுபிடிக்காதுன்னு நினைக்க வேண்டாம். நல்லாவே கண்டுபிடிக்கும். வரியில உருப்படி குறைஞ்சா பிழை எண் 203. தெரியாத சொல் இருந்தா 205. ஒரே பேரை ரெண்டு தடவை வச்சா 207. இல்லாத மழைமானியைக் குறிப்பிட்டா 209. எண் வர வேண்டிய இடத்துல எழுத்து வந்தா 211. இதெல்லாம் எழுத்துப்பிழை மாதிரி. கணக்கு ஆரம்பிக்காது, ரிப்போர்ட்ல பிழை எண் இருக்கும், திருத்திக்கலாம். எரிச்சலா இருந்தாலும் இது நமக்கு நல்லது பண்ற பிழை.

பயப்பட வேண்டியது இன்னொரு வகை. ஓடி முடிச்சு, அழகா கிராஃப் வந்து, பிபிடியில ஒட்டி, மார்க்கும் வாங்கிட்டுப் போயிடும். யாருக்கும் தெரியாது.

இதுக்கு ஸ்வம்லேயே இன்னொரு உதாரணம் இருக்கு. ஆப்ஷன்ஸ் பகுதியில ஃப்ளோ யூனிட்ஸ்னு ஒரு வரி உண்டு. ஆறு அளவுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். மூணு அமெரிக்க அளவு, மூணு மெட்ரிக். அந்த ஒரு வரிதான் மொத்த ஃபைலுக்கும் அளவு முறையைத் தீர்மானிக்கும். கையால புதுசா எழுதுற ஃபைல்ல அந்த வரியே இல்லன்னா, மென்பொருள் தானா எடுத்துக்கிறது விநாடிக்கு இத்தனை கன அடி, அதாவது அமெரிக்க முறை. அப்போ நீங்க மணிக்கு 40 மில்லிமீட்டர் மழைன்னு நினைச்சு எழுதின 40, மணிக்கு 40 அங்குலமா மாறிடும். மில்லிமீட்டர்ல சொன்னா 1016. நீங்க ஹெக்டேர்ல எழுதின பரப்பு ஏக்கரா சுருங்கிடும். எந்தப் பிழை எண்ணும் வராது.

முதல் நாள் வேலை: நிறம்

"இதுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதித் தர்றியா?"ன்னு நண்பன் கேட்டப்போ அது ஒரு மாச வேலையா இருக்கும்னுதான் தோணும். உங்களுக்கும் அப்படித்தான் தோணும். உண்மையில முதல் படி ஒரு சாயங்கால வேலை.

விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷனுக்கு அடிப்படை ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள பேக்கேஜ் டாட் ஜேசன்னு ஒரு ஃபைல். "இந்த வகை ஃபைல் திறந்தா அது இந்த மொழி"ன்னு அதுல அறிவிக்கணும். அடுத்து ஒரு இலக்கண ஃபைல். இதுவும் ஜேசன்தான். டெக்ஸ்ட்மேட் எடிட்டர் கொண்டுவந்த முறையை விஎஸ் கோட் அப்படியே எடுத்துக்கிட்டிருக்கு. ரெஜெக்ஸ் தெரிஞ்சா போதும். சதுர அடைப்புல ஆரம்பிக்கிற வரி தலைப்பு, அரைப்புள்ளியில ஆரம்பிக்கிறது குறிப்பு, மிச்சத்துல எண் எது, பேர் எது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரி கூடத் தேவையில்ல. எஃப்5 அழுத்தினா இன்னொரு விஎஸ் கோட் ஜன்னல் திறந்து, அதுல உங்க எக்ஸ்டென்ஷன் ஓடிக்கிட்டு இருக்கும்.

நாங்க கொஞ்சம் கூடுதலா ஒண்ணு பண்ணோம். ஒவ்வொரு பகுதிக்குள்ளேயும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி நிறம். பரப்பு ஒரு நிறம், அகலம் ஒரு நிறம், சரிவு ஒரு நிறம். இருபது வரியை மேலிருந்து கீழே பார்த்தா நிறம் பட்டை பட்டையாத் தெரியும். பச்சைப் பட்டையில எல்லாம் 10, 12, 15ன்னு இருக்க, ஒரே ஒரு இடத்துல 800 இருந்தா கண்ணு தானா அங்க நிற்கும். அதுவரைக்கும் எக்ஸ்டென்ஷனுக்கு எந்த அறிவும் கிடையாது. நிறம் மட்டும்தான். அதுவே பாதி வேலையைச் செஞ்சிடுது.

ஒரு சின்னச் சிக்கலையும் சொல்லிடறேன், நீங்க செய்யும்போது உதவும். ஸ்வம் ஃபைலோட பேர் ஐஎன்பின்னு முடியும். குடிநீர்க் குழாய் வலைக்கான ஈபிஏநெட் மென்பொருளும் அதே ஈபிஏவோடது, அதோட ஃபைலும் ஐஎன்பின்னுதான் முடியும். மெக்கானிக்கல் ஆளுங்க பயன்படுத்துற அபாகஸ் ஃபைலும் அப்படியே. முதல் வரியைப் பார்த்து அடையாளம் கண்டுக்கிற வசதி விஎஸ் கோட்ல இருக்கு. ஆனா ஸ்வம், ஈபிஏநெட் ரெண்டுமே டைட்டில்னு ஆரம்பிக்கும்! உள்ளே சப்கேட்ச்மென்ட்ஸ் இருந்தா மழை, பைப்ஸ் இருந்தா குடிநீர்னு நாமதான் தேடிப் பார்த்து முடிவு பண்ணணும்.

ரெண்டாவது வேலை: மவுஸை வச்சா பேசணும்

அடுத்தது ஹோவர். கர்சர் இருக்கிற வரியிலிருந்து மேலே போய் எந்தப் பகுதின்னு கண்டுபிடிக்கணும். வரியை இடைவெளியில வெட்டி, எத்தனாவது சொல்னு எண்ணணும். அதுக்குரிய விளக்கத்தைக் காட்டணும். இதுக்கு மட்டும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் வேணும்.

விளக்கத்தை என்ன மொழியில எழுதறதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு. இங்கிலீஷ் கையேட்டுல இருக்கிறதை அப்படியே ஒட்டலாம். நாங்க தமிழ்ல எழுதினோம். ஸ்டைலுக்காக இல்ல. "அகலம்"னு ஸ்வம் சொல்றது நிலத்தோட சாதாரண அகலம் கிடையாது. தண்ணி நிலத்து மேல பரவி ஓடுற பாதையோட குறுக்களவு. பரப்பை அந்தப் பாதையோட நீளத்தால வகுத்தா வர்ற எண். இங்கிலீஷ்ல அந்தச் சொல்லைப் பார்த்ததும் நமக்குப் புரிஞ்ச மாதிரி இருக்கும், நிற்காம போயிடுவோம். தமிழ்ல விளக்கி எழுத உட்கார்ந்தப்போதான் நண்பனே அந்தச் சொல்லைத் திரும்ப யோசிச்சான். தமிழ் மீடியத்துல படிச்சு வர்ற ஜூனியருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

எல்லா இடத்துக்கும் விளக்கம் எழுதிக்கிட்டே வந்தோம். ஓடைக்கான வரியில ஐந்தாவது இடம் வந்துச்சு. மேனிங் எண்.

0.01

மேனிங் எண் தெரியாதவங்களுக்கு: தண்ணி ஓடுற தரை எவ்வளவு சொரசொரப்புன்னு சொல்ற எண் அது. வழுவழுப்பா இருந்தா எண் சின்னது, தண்ணி வேகமா ஓடும். கரடுமுரடா இருந்தா எண் பெரிசு, தண்ணி தடுக்கித் தடுக்கி மெதுவாப் போகும். மெதுவாப் போற தண்ணி குவியும், ஆழம் கூடும்.

ஸ்வம் திரையில புதுசா ஒரு கால்வாய் வரைஞ்சா, நீங்க மாத்தாத வரைக்கும் அதுக்கு மேனிங் எண் 0.01. கணக்கை ஆரம்பிக்க மென்பொருள் தானா வச்சிருக்கிற எண் அது. நண்பன் திரையில வரைஞ்சு சேமிச்ச முதல் ஃபைல்லேயும் எல்லா ஓடைத் துண்டுக்கும் அதுதான் இருந்துச்சு. அந்த ஃபைல் ஒரு குறிப்பிட்ட மழைக்குக் குளிக்கிற இடத்துல 40 சென்டிமீட்டர் ஆழம்னு சொல்லியிருந்துச்சு. முழங்கால் அளவு.

அந்த வாரக் கடைசியில ரெண்டு பேரும் எங்க வீட்டுக்குப் போயிருந்தோம். அப்பாயி அந்த ஓரத்துலேயே பிறந்து வளர்ந்தவங்க. லேப்டாப்ல கிராஃபைப் பார்த்து "என்னடா கோடு இது?"ன்னு கேட்டாங்க. நண்பன் விளக்கினான். மேல நல்ல மழை பேஞ்சா இங்க முழங்கால் வரைக்கும் தண்ணி வரும் அப்பாயின்னு சொன்னான்.

"முழங்காலா? நல்ல மழைக்கா?" சிரிச்சாங்க. எழுந்து நின்னு, சேலைக் கொசுவத்துக்கு மேல கையை வச்சுக் காட்டினாங்க. "இம்மாம் வரும் தம்பி. தண்ணி செவக்கும், அப்புறம் சருகும் குச்சியும் மொதல்ல வரும். அதைப் பார்த்துட்டு ஏறிடணும். அளந்துக்கிட்டு நிக்கக் கூடாது."

அவங்க சொன்ன மழை வேற, நண்பன் கணக்குப் போட்ட மழை வேற. அவங்க கையை வச்ச இடத்தை வச்சு அவன் எண் தப்புன்னு சொல்லிட முடியாது. ரெண்டு பேருக்கும் அது தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவுல இருக்கிற தூரம் சும்மா விடுற தூரம் இல்ல. மறுநாள் காலையில ஓடைக்குப் போய்ப் பார்த்தோம். தரையில கால் வைக்க இடமில்லாம உருண்டைக் கல், நடுநடுவுல ஆள் உயரப் பாறை.

வென் தே சௌ 1959ல எழுதின திறந்த கால்வாய் நீரியல் புத்தகத்தை சிவில் ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். அதுல மேனிங் எண்களுக்கு நீண்ட பட்டியல் உண்டு. 0.01க்கு நேரா இருக்கிறது கண்ணாடி. உருண்டைக் கல்லும் பெரிய பாறையும் கிடக்கிற மலை ஓடைக்கு 0.04லிருந்து 0.07 வரைக்கும், சராசரியா 0.05. அதாவது ஃபைல்ல இருந்த புளியஞ்சோலை ஓடைக்குக் கண்ணாடித் தரை போட்டிருந்துச்சு.

கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம், வாங்க. அகலமான ஓடையில, அதே சரிவு, அதே அளவு தண்ணின்னு வச்சுக்கிட்டா, ஆழம் மேனிங் எண்ணோட 0.6 அடுக்குக்கு ஏத்தபடி மாறும். எண் 0.01லிருந்து 0.05 ஆனா ஐந்து மடங்கு. ஐந்தோட 0.6 அடுக்கு கிட்டத்தட்ட 2.6. முப்பத்தி ஒம்போது, நாற்பதுன்னு இருந்த ஆழம் 105 சென்டிமீட்டருக்குப் போயிடும். இடுப்பைத் தாண்டிடுச்சு.

ஃபைல்ல மாறினது ஒரே ஒரு இலக்கம்: 1க்குப் பதிலா 5. பிழை எண் இல்ல, நெளிகோடு இல்ல. முழங்கால் தண்ணின்னு நம்பி ஒரு குடும்பம் குழந்தையோட நிற்கலாமா வேண்டாமான்னு அந்த இலக்கம் முடிவு பண்ணுது. இன்னிக்கு இது மினி ப்ராஜெக்ட். நாளைக்கு நம்மள்ல யாராவது ஒருத்தர் இதே மாதிரி ஃபைலை நிஜ வேலையில எழுதுவோம். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் சென்னைக்கு சி-ஃப்ளோஸ்னு ஒரு வெள்ள எச்சரிக்கை அமைப்பு வந்துச்சு. ஐஐடி பம்பாய், ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் சேர்ந்து உருவாக்கினது, தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இயக்குறது. அந்த மாதிரி இடங்கள்ல உட்காரப் போறவங்களும் நம்ம வயசுல இப்படி ஒரு ஃபைலைத் திறந்து ஆரம்பிச்சவங்கதான்.

சிவப்பா, மஞ்சளா, நீலமா

இப்போ எக்ஸ்டென்ஷனுக்கு மூணாவது வேலை கிடைச்சது. மதிப்பைப் பார்த்துச் சந்தேகம் கேட்கிறது.

விஎஸ் கோட்ல எச்சரிக்கைக்கு நாலு படி உண்டு. பிழைன்னா சிவப்பு, எச்சரிக்கைன்னா மஞ்சள், தகவல்னா நீலம், கடைசியா குறிப்பு. எதுக்கு எந்த நிறம்னு ரெண்டு பேரும் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம். நண்பன் பக்கம்: சந்தேகம் வந்தா சிவப்பு போடு, அப்போதான் பார்ப்பாங்க. என் பக்கம்: எல்லாத்துக்கும் சிவப்பு போட்டா ரெண்டே நாள்ல எக்ஸ்டென்ஷனை அன்இன்ஸ்டால் பண்ணிடுவாங்க.

சண்டையை முடிச்சு வச்சது மழை. ஒரு நாள் மழைக்கு மேல்வரம்பு என்ன வைக்கலாம்னு பேசினோம். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல 24 மணி நேரத்துல பதிவானது 49 சென்டிமீட்டர். அதை விட எங்க பெய்யப் போகுது, 50 வைக்கலாம்னு வச்சுக்குங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. நாங்க 50ன்னு சிவப்புக் கோடு போட்டிருந்தா, தமிழ்நாட்டுல உண்மையில பெய்த மழையையே "தப்பு"ன்னு சொல்லியிருக்கும். அந்த எண்ணை எழுதினவர் பயந்துபோய் ஒரு சைபரைக் குறைச்சிருந்தா அதை விட மோசம்.

அதனால இப்படி முடிவு பண்ணோம். மென்பொருளே ஏத்துக்காத விஷயத்துக்கு மட்டும் சிவப்பு: இல்லாத பேர், குறைஞ்ச உருப்படி. ஃப்ளோ யூனிட்ஸ் வரி இல்லைன்னா மஞ்சள். சரிவு 100 சதவீதத்துக்கு மேல போனா மஞ்சள். மழையும் மேனிங் எண்ணும் நீலம், அதுவும் கேள்வியா. திறந்த ஓடைக்கு 0.02க்குக் கீழே எண் இருந்தா, பெட்டியில வர்ற வாசகம் இது: "இந்த இடத்துல தரை எப்படி இருக்கு? இந்த எண் கண்ணாடி, சிமென்ட் மாதிரி வழுவழுப்புக்கு. மண் ஓடைன்னா, பாறை ஓடைன்னா எண் மாறும். நேர்ல பார்த்தீங்களா?"

"நேர்ல பார்த்தீங்களா"ன்னு ஒரு எக்ஸ்டென்ஷன் கேட்கிறது வேடிக்கையா இருக்கும். நண்பனோட கைடும் சிரிச்சார். ஆனா அதை எடுக்கச் சொல்லல.

உங்க டிபார்ட்மென்ட்ல என்ன?

இது சிவிலுக்கு மட்டும்னு நினைச்சு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இசிஇ, ட்ரிபிள்இ நண்பர்களே, 1970கள்ல பெர்க்லியில பிறந்த ஸ்பைஸ் இன்னும் உங்க லேப்ல இருக்கு. அதுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. நீங்க ரெசிஸ்டருக்கு 1 எம்னு எழுதினா அது மெகா ஓம் இல்ல, மில்லி ஓம். மெகாவுக்கு மெக்னு மூணு எழுத்து போடணும். சர்க்யூட் ஓடும், கிராஃப் வரும். ஒரு நீலக் கோடு போதும் இதுக்கு.

மெட்டீரியல்ஸ் பக்கம் லாம்ப்ஸ் பயன்படுத்துறவங்களுக்கு யூனிட்ஸ்னு ஒரே ஒரு வரி. ரியல்னு போட்டா நேரம் ஃபெம்டோ விநாடியில, மெட்டல்னு போட்டா பிகோ விநாடியில. இணையத்துல கிடைச்ச ரியல் ஃபைல்ல டைம்ஸ்டெப் 1ன்னு இருக்கும். அதை மெட்டலுக்கு ஒட்டினா ஆயிரம் மடங்கு பெரிய எட்டு. நல்லவேளையா அங்க அணுக்கள் சிதறி, "அணுக்களைக் காணோம்"னு மென்பொருளே கத்திடும்.

இதையெல்லாம் விட அழகான வழியும் உண்டு. அமெரிக்காவோட ஐடஹோ தேசிய ஆய்வகம் உருவாக்கின மூஸ்னு ஒரு சிமுலேஷன் கட்டமைப்பு இருக்கு. அதுக்கான விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷன், எந்த இடத்துல என்ன வரலாம்னு பட்டியலைத் தான் வச்சுக்கிறதில்ல. மூஸ் ப்ரோக்ராமையே கேட்கும். மென்பொருள்ல புது வசதி சேர்ந்தா எக்ஸ்டென்ஷனுக்கும் அன்னிக்கே தெரியும். எடிட்டரும் மொழியும் பேசிக்கிற இந்த முறைக்கு லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால்னு பேர். 2016ல மைக்ரோசாஃப்ட் பொதுவா வெளியிட்டது. எங்களோடது கையால எழுதின பட்டியல்தான். அடுத்த பேட்ச் யாராவது அந்த வழியில போனா சந்தோஷம்.

முடிச்ச எக்ஸ்டென்ஷனை ஒரே கட்டளையில விசிக்ஸ் ஃபைலா கட்டலாம். ஆன்லைன் கடையில ஏத்தணும்னு அவசியமில்ல. பென்டிரைவ்ல வாங்கிட்டுப் போய் இன்டர்நெட் இல்லாத லேப் மெஷின்லேயும் போட்டுக்கலாம். எங்களோடது இப்போ சிவில் லேப்ல எட்டு மெஷின்ல ஓடுது.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு லேப்லேயும் ஒரு சீனியர் இருப்பார். ஃபைலை ஒரு தடவை மேலோட்டமா பார்த்துட்டே "இந்த எண்ணை மாத்து"ன்னு சொல்வார். ஏன்னு கேட்டா "அனுபவம்"னு சிரிப்பார். மே மாசம் அவர் கிளம்பிடுவார், அந்த அறிவும் அவரோட கிளம்பிடும். அடுத்த ஜூனியர் திரும்ப 0.01லிருந்து ஆரம்பிப்பான். அவர் போறதுக்கு முன்னாடி ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்துல உட்கார்ந்து, பத்தே பத்து கேள்வி கேளுங்க: எந்த வரியைப் பார்த்ததும் உங்களுக்குச் சந்தேகம் வரும்? எந்த எண்ணை மென்பொருள் தானா வைக்கும், அதை எப்போ நம்பக் கூடாது? எந்த யூனிட்டை எல்லாரும் மாத்தி எழுதுறாங்க? பதில்களை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்குங்க. அந்தப் பத்து பதில்தான் உங்க எக்ஸ்டென்ஷன். மிச்சமெல்லாம் ரெஜெக்ஸ், அதை எங்ககிட்ட கேளுங்க, சொல்லித் தர்றோம்.